கைக்கு வராத பந்துகள்

கிளப் அறைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. அதில் என் படமும் பக்கத்தில் ஓர் எண்ணும் தெரிந்தன. பத்துக்கு நாலரை. அணியில் எல்லோருக்கும் கீழே நான். படத்தில் வேறு கண்ணை மூடியிருந்தேன். முன்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நாலரையையும் மன்னிக்கவில்லை. அதைச் சுவரில் போட்ட மனிதரை மன்னிக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

எண் என்றாலே ஆகாதவள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். பகலில் என் பிழைப்பே எண்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்து மெஷினில் வைத்து, வரும் எண்ணைத் தாளில் ஏற்றிக் கொடுப்பேன். அதை வாங்கும்போது மனிதர்கள் முகம் எப்படி மாறும் என்று தினமும் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. கையில் கட்டும் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைத்து, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொல்லி ரத்தம் எடுத்தால், பொட்டாசியம் இல்லாத உயரத்துக்கு ஏறிக் காட்டும். மெஷின் தப்பாக அளக்கவில்லை. குழாயில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அந்த ஆளுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. அதனால் எண்ணைப் பார்த்ததும் பதறாமல், ரத்தத்தை யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று முதலில் கேட்போம். கிளப் அறையில் அன்றைக்கு அப்படி ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலமானால் கால்பந்து மைதானத்தில் நான் ஸ்டாப்பர். தற்காப்பின் நடுவில், கீப்பருக்கு நேர் முன்னால் நிற்கிறவள். எங்கள் மைதானம் மலைக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. புல் என்பது ஓரத்தில் மட்டும்தான், மற்றதெல்லாம் செம்மண்ணும் சரளையும். காலையில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் வந்து எட்டு போடுவார்கள். அவர்கள் வளைத்து வளைத்து ஓட்டியதில் மேற்குக் கோலுக்கு முன்னால் ஓர் ஓரம் முழுக்க மண் கிளறிப் புழுதியாகக் கிடக்கும். அங்கே கால் வைத்தால் புதையும். எங்கள் ஊரில் பந்தாடுகிற எல்லோருக்கும் அந்த இடம் தெரியும், கால் வைக்காமல் சுற்றிப் போவார்கள்.

நான் அதிகம் ஓட மாட்டேன். கத்துவேன். "ஏறு" என்றால் தற்காப்பு வரிசை முழுக்க முன்னால் ஏறும். "விடு" என்றால் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார்கள். "பின்னாடி ஆளு" என்றால் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்குவார்கள். எதிரணிக்காரி ஒருத்தி பாஸ் போடத் தலையைத் தூக்குவாள். அவள் போட நினைத்த இடத்தில் நான் நிற்பேன். உடனே மனசை மாற்றிப் பந்தை வேறு பக்கம் தட்டுவாள். என் வேலை அதோடு முடிந்தது. பந்தை நான் தொடவே இல்லை. நடக்காமல் போன அந்தப் பாஸை எந்தக் கேமரா படம் பிடிக்கும்?

எங்கள் கீப்பர் எரியோட்டுப் பெண். வீட்டில் முருங்கையும் பூவும் போட்டிருந்தார்கள். ப்ளஸ் டூ முடித்திருந்தாள், பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருவாள். நல்ல உயரம், அகலமான கை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆட்டத்தில் அவள் பேச வேண்டிய தேவையும் இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருந்தேன். பல ஆட்டங்களில் அவள் ஜெர்சியில் மண்ணே ஒட்டாது. துவைக்காமலே மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று கிண்டல் செய்வோம்.

இதற்குள்தான் அந்த மனிதர் வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுக்கும் காய்கறி மண்டி முதலாளியின் மருமகன். இரண்டு கேமரா, நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு கறுப்புக் கச்சை, போனில் ஓர் ஆப். கச்சைக்குள் இருந்த சின்னப் பெட்டி நாங்கள் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். கேமரா பாஸையும் ஷாட்டையும் எண்ணும். எல்லாவற்றையும் கலக்கிப் பத்துக்கு இத்தனை என்று ஆப் மார்க் போடும். எங்கள் கோச் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. ஜெர்சி வேண்டுமே.

மனிதர் மரியாதைக்காரர். அதுதான் எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. கத்துகிறவரிடம் திருப்பிக் கத்தலாம், 'ங்க' போடுகிறவரை என்ன செய்வது?

"ஏனுங்க சிஸ்டர், நீங்க ஒரு மேட்ச்சுல ஓடற தூரம் ரொம்பக் கம்மிங்க. பந்தப் பறிக்கறதும் கம்மிங்க."

"பந்து வர்ற எடத்துல முன்னாடியே போயி நின்னுட்டா எதுக்கு சார் ஓடணும்?"

"அது சரிங்க. ஆனா டேட்டா பொய் சொல்லாதுங்களே."

பொட்டாசியம் கதையை அவரிடம் சொன்னேன். பட்டை, விரல், குழாய் என்று பொறுமையாக எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "சூப்பர் பாயிண்ட்டுங்க. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாங்க" என்றார். அடுத்த வெர்ஷன் வந்தது. அதில் எனக்கு நாலு.

ஆப் வந்தபின் எங்கள் ஆட்டம் கெட்டுக் குட்டிச்சுவரானது. பந்தைச் சரியாகக் கொடுத்தால் மார்க் ஏறும் என்று தெரிந்ததும், நடுவில் ஆடுகிறவள் முன்னால் பந்து போடுவதையே விட்டுவிட்டாள். முன்னால் போட்டால் தவறலாம் அல்லவா? பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு தட்டு, அவள் திருப்பி ஒரு தட்டு. பல்லாங்குழி ஆடுவதைப் போல உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டம். இன்னொருத்தி இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்கும் கோல் கம்பத்துக்கும் சும்மாவே ஓடிக்கொண்டிருந்தாள். கேட்டால் தூரம் ஏறட்டும் என்றாள். பின்வரிசைக்காரி ஒருத்தி கச்சையைக் கழற்ற மறந்து, அண்ணனின் வண்டியில் ஏறி நாகல் நகர் வரை போய்விட்டாள். அந்த வாரம் அணியிலேயே அதிவேக வீராங்கனை அவள்தான். சுவரில் படம் போட்டுக் கைதட்டினார்கள். அவளும் எழுந்து நின்று கும்பிட்டாள். அப்புறம்தான் வேகத்தைப் பார்த்து மருமகனுக்குச் சந்தேகம் வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், ஆனால் அடுத்த வாரமும் எல்லோரும் கச்சையை மாட்டிக்கொண்டுதான் நின்றோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி எங்கள் கீப்பரைக் கேட்காமல் இருந்திருந்தால்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு. கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அந்தக் கல்லூரிக் கோச் இங்கே வந்து ஆட்டம் பார்க்கவில்லை. ரிப்போர்ட் அனுப்பச் சொன்னார். மருமகன் பெருமையோடு அனுப்பினார்.

ஒருநாள் பயிற்சி முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கீப்பர் வந்து பக்கத்தில் நின்றாள். அவளாக என்னிடம் பேச வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"கேட்டாத்தான தெரியும்."

"அந்தக் காலேஜு கோச்சு ரிப்போர்ட்டப் பாத்தாராம்க்கா. கீப்பரு கைக்குப் பந்தே வரலையே, இத வச்சு நான் என்னத்தச் சொல்றதுன்னு கேட்டாராம். கடைசி மேட்ச்சு ரிப்போர்ட்டையும் பாத்துட்டுத்தான் சீட்டாம்."

"சரி, அதுக்கு?"

குழாயைத் திறந்தாள், மூடினாள். "நீங்க செத்த தள்ளி நின்னீங்கன்னா, நாலு பந்து வரும்லக்கா. கோல் விழாம நான் பாத்துக்கிறேன்."

அவளுக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்தி, ஒரு பந்தும் அவள் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டது நான். அதுவே அவளுக்குக் குறையாகிப் போனது. இப்போது என் வேலையை நான் கெடுத்துக்கொள்ள வேண்டும், அவள் நன்றாக ஆடினாள் என்று ஊருக்குத் தெரிவதற்காக.

"எம்புட்டுத் தைரியம்டி ஒனக்கு. என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியும்க்கா." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சீட்டு இல்லன்னா மில்லுக்குப் போன்னுட்டாங்க எங்கம்மா. வேன்காரருகிட்டப் பேரு குடுத்துட்டாங்க. ஒண்ணாந்தேதியிலருந்து வரச் சொல்லிருக்காங்க."

வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன்கள் எரியோடு வழியாகத்தான் போகும். விடியும் முன்னே வரும். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஆடிய ஒருத்தி அதில் ஏறிப்போனாள். அவள் பந்தைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டில் அம்மா சோறு போட்டார்கள். வெஞ்சனம் என்ன என்றுகூடப் பார்க்காமல் பிசைந்து தின்றேன். முதலில் கீப்பரைத் திட்டினேன், பிறகு ஆட்டத்தையே பார்க்காமல் ஆளை எடை போடும் அந்தக் கோயம்புத்தூர்க்காரரை, பிறகு மருமகனை, மண்டியை, ஜெர்சியை. திட்ட ஆள் நிறைய இருந்தார்கள். ஆனால் வேன் இவர்களில் யார் வீட்டு வாசலுக்கும் வராது, அவள் வீட்டுக்குத்தான் வரும்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே, பழனிப் பக்கத்து அணியோடு. அவர்களுடைய முன்னாட்டக்காரி நெய்க்காரப்பட்டிப் பெண், கட்டுமஸ்தான ஆள். வலது காலால் அடித்தால் வலை கிழியும். இடது கால் சும்மா நடப்பதற்கு மட்டும். முதல் பாதியில் நான் வழக்கம்போலவே ஆடினேன். கத்தினேன், ஏற்றினேன், மறித்தேன். கீப்பர் பந்தைக் கையால் தொடவே இல்லை. இடைவேளையில் என்னைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் குடித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் மேற்குக் கோல் எங்களுக்கு. வெயில் மலைக்கோட்டைப் பாறைக்கு மேல் இறங்கி நின்றது. அந்தக் கோலைப் பார்த்து ஓடி வருகிறவளுக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முதுகுப் பக்கம் வெயில் இருப்பதால் கீப்பருக்குப் பந்து பளிச்சென்று தெரியும். அங்கே இன்னொன்றும் இருந்தது. கார் பழகுகிறவர்கள் கிளறிப்போட்ட அந்தப் புழுதி ஓரம், வருகிறவளுக்கு இடது கைப்பக்கம்.

நான் தள்ளி நிற்கவில்லை. தள்ளி நிற்பது யாருக்கும் வரும். நெய்க்காரப்பட்டிக்காரி பந்தோடு வந்தாள். அவள் வலது காலை நான் அடைத்துக்கொண்டு, இடது பக்கம் மட்டும் ஓர் ஆள் போகிற அளவுக்குத் திறந்து வைத்தேன். இத்தனை நேரம் கிடைக்காத இடம் கிடைத்ததே என்று அதில் பாய்ந்தாள். இடது கால், புதையும் மண், கண்ணில் வெயில். அடித்த பந்து தவழ்ந்துபோய்க் கீப்பர் கையில் உட்கார்ந்தது. கேமரா ஒன்று எண்ணியது. திரும்ப வந்தாள், திரும்பவும் அதே மண்ணுக்கு அனுப்பினேன். அன்றைக்குப்போல அவ்வளவு கவனமாக நான் வாழ்நாளில் ஆடியதில்லை. அரை அடி அதிகம் திறந்தால் வலது காலுக்கு வந்துவிடுவாள், அரை அடி குறைத்தால் அடிக்கவே மாட்டாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே கோச் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு பந்து மட்டும் சரளையில் பட்டுத் திரும்பிக் கீப்பரின் கைக்குக் கீழே புகுந்துவிட்டது. நாங்கள் முன்பே ஒரு கோல் போட்டிருந்ததால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. அந்தக் கோல் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் என்னை அதற்காக யாரும் மன்னிக்க வேண்டாம், நான் கேட்கப்போவதும் இல்லை.

சீட்டுக் கிடைத்தது. வேன்காரரிடம் கொடுத்த பெயரை எடுத்துவிட்டார்கள்.

கீப்பரை வழியனுப்பக் கிளப்பில் மிக்சரும் காபியும் வைத்தார்கள். மறுபடி புரொஜெக்டர். கீப்பர் படத்துக்குப் பக்கத்தில் ஒன்பது. என் படத்துக்குப் பக்கத்தில் மூன்று. அதே மூடிய கண். மருமகன் எழுந்து பேசினார். "டிபென்ஸ் இவ்வளவு வீக்கா இருந்துங்கூட, நம்ம கீப்பர் தனியாளா நின்னு காப்பாத்தினாங்க. இத நான் சொல்லலைங்க, டேட்டா சொல்லுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கீப்பரைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். கோச்சுக்கு நன்றி, சாருக்கு நன்றி, எல்லாருக்கும் நன்றி என்றாள். கண் தரையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் சீட்டுப் போய்விடும், அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மிக்சர்த் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது கோச் பக்கத்தில் வந்து நின்றார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்து என் ஆட்டத்தைப் பார்க்கிறவர்.

"அந்த நெய்க்காரப்பட்டிப் புள்ளையக் கொண்டு போயி அந்தப் புழுதிக்குள்ளயே விட்டியே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் மெதுவாக.

எனக்கு ஒரு நொடி நெஞ்சு லேசானது. ஒருவராவது பார்த்திருக்கிறார்.

"ஆனா ரிப்போர்ட்டு இப்பிடி இருக்கேம்மா. அடுத்த சீசனுக்கு ஒன்னைய எறக்குனா முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் மீது வந்த கோபத்துக்கு முன்னால் மருமகன் மீதிருந்தது ஒன்றுமே இல்லை. மருமகனுக்காவது தெரியாது. இவர் கண்ணால் பார்த்ததைச் சுவரில் தெரிந்த மூன்றுக்கு விட்டுக்கொடுத்தவர். "பதிலா? மூணுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் நான் அந்த மைதானத்துக்குப் போகவில்லை. என் இடத்தில் இப்போது ஆடுகிறவள் நாள் முழுக்க ஓடுகிறாளாம், நல்ல மார்க்காம்.

போன மாதம் லேப்பில் மதிய நேரக் கூட்டம். போனில் ஒரு படம் வந்து விழுந்தது. எங்கள் கீப்பர், கையில் ஒரு கப்பு. கல்லூரிகளுக்கான போட்டியில் சிறந்த கோல்கீப்பராம். அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"கப்பு சரி. எத்தன கோல் வாங்குன?"

"ஆறுக்கா" என்றாள்.

"ஆறு வாங்குனவளுக்கா கப்பு குடுத்தாங்க?"

"நெறையப் பிடிச்சேன்லக்கா. ரிப்போர்ட்டுல எனக்குத்தான் கூட..." அதோடு நிறுத்திவிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குழாயடியில் அழாதவள். "இங்க எனக்கு முன்னாடி நிக்கிறவங்க யாரும் கத்த மாட்டேங்குறாங்கக்கா. பந்து எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியல. வந்துக்கிட்டே இருக்குக்கா."

கட்டிலில் அந்தக் கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது என் மனக்கண்ணில் தெரிந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவும் செய்தது, ஆனால் அவள் மீது இல்லை.

"நீ கத்துனியா?"

"எனக்கு வராதுக்கா."

"நீதான்டி கீப்பரு. அங்க நிக்கிறவளுக்குத்தான் மொத்தக் கிரவுண்டும் தெரியும். கத்து."

"இப்பவாக்கா? ஹாஸ்டல்ல இருக்கேன். ஆளுக இருக்காங்க."

"இப்பத்தான். கத்து."

"ஏறு" என்றாள், பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற குரலில்.

"கேக்கல."

"ஏறு."

"எனக்கே கேக்கல, முன்னாடி நிக்கிறவளுக்கு எப்பிடிடி கேக்கும்?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பெண்ணுக்குள் இத்தனை நாளாக எங்கேதான் இருந்ததோ, "ஏறூ!" என்று ஒரு கத்தல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது. நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டுக் கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லங்கய்யா, கைய மூடாம வையுங்க" என்று அவரிடம் சொன்னேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பட்டையை எடுத்தேன்.

"இன்னொரு தடவ" என்றேன் அவளிடம்.